பதினோரு மாதம் காற்றைப் பார்த்துவிட்டுக் கட்டிய வீடு

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே வீடு கட்டலாம் என்று முடிவானபோது மறுமாதமே கடைக்கால் தோண்டிவிடும் அவசரத்தில்தான் இருந்தோம். கடன்தான் இழுத்துக்கொண்டே போனது. பத்திரத்தில் ஒரு பெயர்ப் பிழை, அதைச் சரிசெய்தால் வில்லங்கச் சான்று, அப்புறம் இன்னொரு கையெழுத்து என்று பதினோரு மாதம் ஓடிவிட்டது. அப்போது ஒவ்வொரு வாரமும் எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தப் பதினோரு மாதம் கிடைக்காமல் போயிருந்தால் திருப்பூரில் வாடகைக்கு இருந்த அதே வீட்டைத்தான் தோட்டத்தில் இன்னொரு தடவை கட்டி வைத்திருப்போம்.

அந்த வாடகை வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. ஏப்ரல் மாதத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். வெளியே தெருவில் காற்று குளிர்ந்துவிட்டிருக்கும், உள்ளே ஃபேன் சூட்டையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். மகள் ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் படுப்பாள். ஏசி போட்டோம், ஒன்றரை டன். அது விடிய விடிய நிற்காமல் ஓடியது. பகல் முழுக்கக் கான்கிரீட் கூரை வாங்கி வைத்த வெயிலை ராத்திரி எங்கள் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும், ஏசி அதை வாரி வெளியே கொட்டும், இதற்குத்தான் நாங்கள் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தோம்.

கடன் வரும்வரை சனிக்கிழமைதோறும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல், வீடு வரப்போகிற இடத்தில் ஐந்தடிக் குச்சி ஒன்றை நட்டு, நிழல் எங்கே விழுகிறது என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குறிக்க ஆரம்பித்தேன். அதிலேயே என் நினைப்பு ஒன்று தப்பாகிப்போனது. தெற்கு வெயில்தான் சுடும், வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நினைத்திருந்தேன். அது நமக்கு ரொம்ப வடக்கே இருக்கிற ஊர்களுக்கான கணக்கு. உடுமலை ஏறக்குறைய 10.6 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும், குச்சிக்கு நிழலே இருக்காது. அதிலிருந்து ஆவணி முதல் பாதி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. மே மாத நடுவில் குச்சியின் நிழல் தெற்கே முக்கால் அடிக்கு விழுந்து கிடந்ததை நம்ப முடியாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் அதே குச்சிக்கு வடக்கே மூன்றேகால் அடிக்கு மேல் நிழல்.

இதில் தெரிந்துகொண்டது என்னவென்றால், மத்தியான வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் செங்குத்தாகத்தான் இறங்குகிறது, அதனால் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு இரண்டு இரண்டரை அடி சன்ஷேடு இருந்தாலே பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். சாயங்கால வெயில் அப்படியில்லை. நாலு மணிக்கு மேல் அது படுத்துக்கொண்டு வரும், எந்தச் சன்ஷேடுக்கும் கீழே நுழைந்து உள்ளே வந்துவிடும். ஆக, கூரையும் மேற்குச் சுவரும்தான் எதிரிகள். கையில் இருக்கிற காசை முதலில் இந்த இரண்டிலும் போட வேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் மேற்கை அப்படியே அடைத்துவிடவும் முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் காற்று ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்துதான் அடிக்கும். உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். வெயிலும் மேற்கே, காற்றும் மேற்கே. வெயிலை விடாமல் காற்றை மட்டும் எப்படி வாங்குவது என்பதுதான் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே பெரிய கேள்வி.

கிணற்று மேட்டில் ஒரு கருவேலமரம் உண்டு. அதில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற மரம், ஆனால் அந்த வருஷம்தான் ஒன்றைக் கவனித்தேன். கூடுகளெல்லாம் மரத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் இருந்தன. மேற்கே ஒன்றுகூட இல்லை. இந்தக் குருவிகள் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற காலத்தில்தான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், அதனால் காற்று முகத்தில் அறையாத பக்கமாகப் பார்த்துக் கட்டுகின்றன. கீழே விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுவரில் காய்ந்த களிமண் உருண்டை அப்பியிருந்தது. காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்கக் கனம் கொடுப்பதற்கு என்று சொல்கிறார்கள். அன்றைக்கே நோட்டில் எழுதினேன்: படுக்கையறைகள் கிழக்கே.

வீட்டின் படம் இப்படித்தான் வந்தது. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கு ஓரத்தில் தள்ளினோம், சாயங்கால வெயிலை முதலில் அவை வாங்கிக்கொள்ளட்டும் என்று. நடுவில் மீதி இருந்த மேற்குத் திறப்பில் ஏழடி அகலத் தாழ்வாரம், அதன் வெளிப்பக்கம் செங்கல்லுக்கு நடுவே இடுக்கு விட்டுக் கட்டுகிற ஜாலிச் சுவர், அதற்கும் அந்தப் பக்கம் 15 அடி தள்ளி மூன்று புங்கன் கன்று. புங்கன் வெயில் தொடங்கும்போதே பழைய இலையை உதிர்த்துப் புதுத் துளிர் விட்டுவிடும். சித்திரையில் அடர்ந்து நிற்கிற மரம் நமக்கு வேறு என்ன இருக்கிறது, வேம்பும் புங்கனும்தான். அடுப்படி அக்னி மூலையில்தான் வர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர்க் காற்றுக்கு அது சரியாகவே பொருந்தியது. தென்கிழக்கில் இருந்தால் புகையையும் தாளிப்பு நெடியையும் காற்று வெளியே கொண்டுபோய்விடும், வீட்டுக்குள் திரும்பாது.

ஜாலியை முதலில் பார்த்தது திருவனந்தபுரத்தில். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸ், லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. பேக்கர் 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, 2007இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தவர். அந்தச் சரிவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது வெளியே பஸ்ஸெல்லாம் வெயிலில் தகதகக்கிறது, உள்ளே செங்கல் இடுக்குகள் வழியாக வெளிச்சமும் காற்றும் துண்டு துண்டாக வருகிறது, கண் கூசவே இல்லை. அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே கொண்டுவந்ததில் ஒரு தப்பு நடந்தது. அங்கே மழையும் பச்சையும் உள்ள ஊர், காற்றில் புழுதி குறைவு. இங்கே ஆடி மாதம் உழுத காட்டிலிருந்து செம்மண் கிளம்பி வரும். முதல் ஆடியில் காலையில் கூட்டிய தாழ்வாரத்தில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கடைசியில் ஜாலிக்கு உள்பக்கம் மடக்குக் கதவு போட்டோம். காற்று முரட்டுத்தனமாக இருக்கிற நாளில் பாதி சாத்திக்கொள்கிறோம். ஜாலி வைக்கிறவர்கள் இந்தக் கதவுக்கு நிலைவாசல் ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு போட்டால் சட்டம் சுவரோடு சரியாக உட்காராது.

சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், கலவையும் மிச்சம், உள்ளே நிற்கிற காற்று வெயிலைச் சீக்கிரம் கடத்தாது. எங்கள் மேஸ்திரி முதல் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங் தம்பி, கல்லை இப்படி நிமித்தி வெச்சா செவுரு நிக்குங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா எம்பேர்தானுங்க கெட்டுப்போகும்" என்றார். அவர் பயம் நியாயம்தான். "அண்ணா, பம்பு செட்டு ரூம் ஒண்ணு கட்டணும்ல, அதுல பழகிப் பார்ப்போம்ங்க" என்று சொல்லி, முதலில் பத்துக்குப் பத்து அறை ஒன்றைக் கட்டினோம். மூன்றாவது வரிசையிலேயே அவருக்குக் கை வந்துவிட்டது. சாயங்காலம் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டார். மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார், கற்றுக்கொள்ளட்டும் என்று.

இதில் நாங்கள் கற்றவை நிறைய. செங்கல் ஒரே அளவாக இருக்க வேண்டும், கோணல்மாணலான நாட்டுச் செங்கல் இதற்கு ஒத்துவராது, சேம்பர் செங்கலிலும் ஒரு லோடுக்கு இருபது கல்லையாவது அளந்து பார்த்துத்தான் இறக்கச் சொல்ல வேண்டும். அடி வரிசை, மேல் வரிசை, ஜன்னலுக்கு அடியில் வருகிற வரிசை, நிலை ஓரம் இதெல்லாம் வெற்றிடம் இல்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். கலவை வெற்றிடத்துக்குள் விழாமல் இருக்க ஒரு பலகைத் துண்டை வைத்து வைத்து நகர்த்துவார்கள். அது தெரியாமல் முதல் இரண்டு நாள் பாதிக் கலவையை உள்ளே கொட்டிவிட்டோம். கரண்ட் பைப் எங்கே வருகிறது என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எங்கள் வயர்மேன் வழக்கம்போல் பிறகு வந்து காடி எடுத்தபோது ஒரு இடத்தில் உளி நேராகப் பொந்துக்குள் போய்விட்டது. கூலி கொஞ்சம் கூடுதலாக ஆகும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். செங்கல் மிச்சத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் கூரையின் கீழ்ப்பகுதியில் உள்ள கான்கிரீட் பெரிய வேலை ஒன்றும் செய்வதில்லை, இழுவையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் குறையும், கனம் குறையும், இரண்டு ஓட்டுக்கு நடுவில் காற்று நிற்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைந்து கொடுக்காமல் இதைச் செய்யவே கூடாது, சுவருக்குப் பக்கத்திலும் பீமுக்குப் பக்கத்திலும் ஓடு வராது, கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிவிடும். கான்கிரீட் போட்ட அன்று ஆட்கள் ஓட்டின் மேலேயே நடந்ததில் மூன்று ஓடு உடைந்தது. உடனே நிறுத்தி, மாற்றி வைத்து, நடக்கப் பலகை போட்டோம். ஒரு மணி நேரம் தாமதம், ரெடிமிக்ஸ் வண்டிக்காரர் சத்தம் போட்டார். பலகையை முதலிலேயே போட்டிருக்கலாம்.

இப்போது முற்றம். இதைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டைக் கெடுத்ததும் இது, காப்பாற்றியதும் இது.

தாராபுரம் பக்கம் என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு தொட்டிக்கட்டு வீடு. நடுவில் திறந்த வாசல், நாலு பக்கமும் தாழ்வாரம், முன்னால் ஆசாரம் என்கிற கூடம், இரண்டடி மண்சுவர், மேலே நாட்டு ஓடு. மே மாத லீவில் போனால் மத்தியானம் பெரியவர்களெல்லாம் ஆசாரத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்குவார்கள். ஒரு ஃபேன்கூடக் கிடையாது. அந்த வீடு இப்போது இல்லை, இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அதன் நினைவாகவே எங்கள் வீட்டு நடுவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி முற்றம் வைத்தோம். கட்டி முடிக்கிற நேரத்தில் ஆளாளுக்குப் பயம் காட்டினார்கள். தோட்டத்துக்குள் தனி வீடு, திறந்து போட்டால் திருடன் இறங்குவான், குரங்கு வரும், ஐப்பசி மழையில் வீடு நனையும். சரி என்று கம்பிக் கிராதி போட்டு, அதன் மேல் பாலிகார்பனேட் ஷீட்டை ஒட்டினாற்போல் மூடிவிட்டோம். வெளிச்சம் வருகிறதே, போதும் என்று.

மாசி வரை ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பிறந்ததும் வீடு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஷீட் வழியாக வெயில் உள்ளே இறங்கித் தரையைச் சுட வைக்கிறது, சூடான காற்று மேலே ஏறுகிறது, போக வழியில்லாமல் ஷீட்டுக்கு அடியில் தங்கி மறுபடி அறைகளுக்குள் பரவுகிறது. இத்தனை யோசித்துச் சுவரும் கூரையும் கட்டிவிட்டு ஹாலில் மத்தியானம் 36 டிகிரி. என் மனைவி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முற்றத்து நடுவில் வைத்தார். புகை நேராக மேலே போனது, ஷீட்டில் முட்டி, பூ விரிகிற மாதிரி நாலு பக்கமும் விரிந்து கீழே இறங்கியது. அதைப் பார்த்ததற்கு அப்புறம் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே ஷீட்டைக் கழற்றினோம். கிராதி அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, அதற்கு இரண்டரை அடி மேலே தனிச் சட்டம் எழுப்பி, மங்களூர் ஓடு வேய்ந்தோம், நடுவில் மூன்று கண்ணாடி ஓடு மட்டும் வெளிச்சத்துக்கு. சட்டத்துக்கும் கிராதிக்கும் நடுவில் நாலு பக்கமும் திறப்பு, பறவை வராமல் இருக்க வலை. ஓடுகளை ஒன்றரை அடி வெளியே நீட்டியதால் சாதாரண மழை உள்ளே வருவதில்லை. காற்றோடு அடிக்கிற மழையில் கொஞ்சம் சாரல் வரும், முற்றத்தை நாலு அங்குலம் பள்ளமாக வைத்து வடிகால் விட்டிருப்பதால் பிரச்சினை இல்லை. மறுபடி ஊதுபத்தி வைத்தோம். புகை மேலே ஏறி, கிழக்கே சாய்ந்து, வெளியே போய்விட்டது. அடுத்த சித்திரையில் மத்தியானம் மூன்றரை மணிக்கு வெளியே நிழலில் 38, ஹாலில் 32. முற்றம் என்றால் வீட்டின் சூடு வெளியே போகிற வழி. அதை எப்படி வேண்டுமானாலும் மூடலாம், அடைக்க மட்டும் கூடாது.

அந்த 32 கிடைத்ததில் அமுச்சியின் பழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சித்திரையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவர் கதவு சன்னலையெல்லாம் சாத்திவிடுவார், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகுதான் திறப்பார். வெக்கையில் ஏன் அடைத்து வைக்கிறார் என்று சின்ன வயதில் புரியாது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் 1996இல் கட்டி முடித்த ஈஸ்ட்கேட் சென்டர் கட்டடத்தைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கறையான் புற்றைப் பார்த்து யோசித்தது அது. ராத்திரிக் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துத் தளங்களுக்கு அடியில் உள்ள கான்கிரீட் வழியாக ஓடவிட்டுக் கட்டடத்தைக் குளிரவைத்துக்கொள்வார்கள், பகலில் அந்தக் குளிர்ச்சியே தாங்கும், சூடான காற்று மேலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் என்ற இருவர் பிற்பாடு ஆப்பிரிக்காவில் கறையான் புற்றுகளை அளந்து பார்த்து, புற்று அப்படிப் புகைபோக்கி மாதிரி குளிர்விப்பதில்லை, அது நுரையீரல் மாதிரி மூச்சுவிடத்தான் பயன்படுகிறது, உள்ளே இருக்கிற வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலைதான் என்று எழுதினார்கள். புற்றைப் பற்றிய நினைப்பு தப்பாக இருந்தும் கட்டடம் வேலை செய்கிறது, ஏனென்றால் ஹராரே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரி நன்றாகக் குளிரும். அந்த ஊரின் ராத்திரியைப் பியர்ஸ் சரியாகப் பார்த்திருக்கிறார், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

எங்கள் ஊரிலும் கோடையில் பகலுக்கும் ராத்திரிக்கும் நல்ல வித்தியாசம் உண்டு, காற்றும் வறண்டது. அதனால் ராத்திரி திறந்து பகலில் சாத்துவது பலிக்கிறது. அதற்காகவே எல்லா ஜன்னலுக்கும் கொசுவலையும் கெட்டிக் கம்பியும் போட்டோம், பயமில்லாமல் திறந்து வைத்துத் தூங்க முடிந்தால்தான் இது நடக்கும். சென்னை, கடலூர் மாதிரி கடற்கரையில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். அங்கே ராத்திரியும் புழுங்கும், நிழலோடு சேர்ந்த காற்றோட்டம் எந்நேரமும் வேண்டும், கனமான சுவரைவிடப் பெரிய ஜன்னல்தான் அங்கே கைகொடுக்கும்.

ஏசி வேண்டாம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு மூச்சு இரைக்கும், அவர் அறையில் ஒரு டன் ஏசி ஒன்று இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சில ராத்திரிகள் மட்டும் 26இல் வைத்து ஓட்டுகிறோம். அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் கொஞ்ச நேரத்திலேயே அடங்கிவிடுகிறது. ஃபேன்களெல்லாம் பிஎல்டிசி என்கிற கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தவை, பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 சொச்சம். புது வீடு கட்ட முடியாதவர்கள்கூட நாளைக்கே மாற்றக்கூடியது இது.

நாளைக்கே செய்யக்கூடிய இன்னொன்று மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது, வெள்ளையாக இருந்தால் கூரை வெயிலைக் குறைவாக வாங்கும். வாடகை வீட்டுக்காரர்களும் ஓனரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். நாங்கள் வருஷா வருஷம் பங்குனி பிறப்பதற்குள் அடித்துவிடுகிறோம். மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும், பாசி இருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது. நல்ல சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, ஆறியதும் துணியில் வடிகட்டி, பத்து கிலோ சுண்ணாம்புக்கு மரவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசை ஒரு கிலோ கணக்கில் கலக்குகிறோம். ஊறும்போது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள், கிட்டே குழந்தைகள் நிற்கக் கூடாது, கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெயில் தாழ்ந்த பிறகு தரையை லேசாக ஈரமாக்கி மெல்லிசாக ஒரு கோட்டு, மறுநாள் சாயங்காலம் குறுக்கே இன்னொரு கோட்டு. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். இந்த வருஷத்துக்கான சுண்ணாம்பு நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கிறது, மேஸ்திரியின் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.